அன்று பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டவர் யார்?

ஐம்பது அறுபது பிராயம் கடந்த நெசவாளரோ உழவரோ நால்வர் ஓரிடத்தில் கூடினால், பேச்சு நூல் விலையிலும் மழையிலும் தொடங்கி, சிறிது நேரத்துக்குள் தங்கள் இளமைப் பருவத்துக்கு வந்து நிற்பதைக் காண்கிறோம். "எங்கள் காலத்தில் காலையில் பழைய சோற்றைக் குடித்துவிட்டுத் தெருவில் இறங்கினால், விளக்கு வைக்கும் வேளைக்குத்தான் வீடு திரும்புவோம். எங்கே போனாய், யாரோடு போனாய் என்று கேட்பார் இல்லை. அப்படி வளர்ந்து நாங்கள் கெட்டா போய்விட்டோம்?" என்று ஒருவர் கூற, மற்றவர் தலையசைப்பர். பின்னர், இக்காலத்துப் பிள்ளைகள் பள்ளி வண்டியில் ஏறிப் பள்ளி வண்டியில் இறங்கி, வீட்டுக்குள் கைப்பேசியே கதியென்று கிடப்பதைச் சொல்லிப் பெருமூச்சு விடுவர்.

இப்பேச்சில் உண்மை உண்டு; ஆயினும் அது முழு உண்மையன்று. அக்காலத்துப் பிள்ளைகளை ஒருவரும் பார்த்துக்கொள்ளவில்லை என்பது தவறான கணக்கு. பார்த்துக்கொண்டவர் பலர். அவர்கள் தத்தம் வேலையைச் செய்துகொண்டே பார்த்தமையால், தாம் பார்ப்பதாக அவர்களுக்கும் தோன்றவில்லை. பார்க்கப்படுவதாகப் பிள்ளைகளுக்கும் தோன்றவில்லை. அவ்வேலைகள் வெளியிடத்தை விட்டு நீங்கியபோது அக்கண்களும் நீங்கிவிட்டன. இதனை உணராமல் பழைய சுதந்தரத்தைப் பாராட்டுவதில் பயனில்லை; இன்றைய பெற்றோரைக் குறை கூறுவதிலும் நியாயமில்லை. இதுவே நமது அபிப்பிராயம்.

ஊரே களம்

எமது ஊர் சேவுகம்பட்டி. கீழ்ப்பழனி மலையை அடுத்த சமவெளியில், பட்டிவீரன்பட்டிக்கும் வத்தலக்குண்டுக்கும் அண்மையில், வாழையும் தென்னையும் நெல்லும் விளையும் பூமி. திண்டுக்கல் தனி மாவட்டமாகப் பிரிந்த 1985-க்கு முன்னர், மதுரை மாவட்டத்தோடு இவ்வூர் சேர்ந்திருந்த நாளில் எம் போன்றோரின் இளமை கழிந்தது.

அந்நாளில் சிறுவர்க்கு விளையாட்டுச் சாமான் என்று கடையில் வாங்கியது பம்பரமும் கோலிக்குண்டும்தான். மற்றவை எல்லாம் நிலமும் பருவமும் தந்தவை. நுங்கு தின்று எறிந்த கோந்தைகள் இரண்டைக் குச்சியால் இணைத்தால் வண்டி. அறுவடை முடிந்து வயல் வெறுமையாகக் கிடந்தால் கிட்டிப்புள். ஆடிக் காற்றுக்குக் காற்றாடி. புளி உடைக்கும் நாளில் வீட்டுக்கு வீடு புளியமுத்துச் சேரும். அது பல்லாங்குழிக்கு ஆகும். பொன்வண்டு பிடித்துத் தீப்பெட்டிக்குள் இட்டு, வேலமரத்து இலையை உணவாக வைத்து, அது முட்டையிடுகிறதா என்று வகுப்பில் பெஞ்சுக்கடியில் பார்ப்பது ஒரு தனிக் கல்வி. கொடுக்காப்புளி எந்த வேலியில் இனிக்கும், எந்த வேலியில் துவர்க்கும் என்பது பத்து வயதுப் பையனுக்குக் கணக்கைக் காட்டிலும் நன்றாகத் தெரியும்.

எவ்வளவு தூரம் செல்லலாம் என்பதற்கு ஒருவரும் எல்லை வகுக்கவில்லை. பசியே எல்லை, இருட்டே எல்லை. சோலைமலை அழகர் பெருமாள் கோவிலில் தை மாதம் 3-ஆம் நாள் நடைபெறும் வாழைப்பழச் சூறை எங்கள் ஊருக்கே உரிய விழா. நேர்ந்துகொண்டவர் கூடை கூடையாகப் பழத்தைச் சுமந்து வந்து சூறைவிட, கூடியிருப்போர் அதனைப் பிடித்துப் பிரசாதமாகக் கொள்வர். அந்த நெரிசலுக்குள் பிள்ளைகள் தாய் தந்தையர் கையைப் பற்றாமலே புகுந்து வெளிவந்தனர். பிள்ளை தொலைந்துவிடுமே என்று அஞ்சியவர் குறைவு. கூட்டத்தில் பாதிப் பேருக்கு அது இன்னார் வீட்டுப் பிள்ளை என்பது முகத்தைக் கண்டவுடன் தெரியும்.

வேலையோடு இருந்த கண்

இனி, அக்காலத்துத் தோட்டக் கிணற்றை நினைத்துப் பாருங்கள். பொழுது புலருமுன் கமலை பூட்டப்படும். ஒருவர் வடத்தின்மேல் அமர்ந்து மாடுகளைச் சரிவில் இறக்குவார். கூனை நிறைந்து மேலேறி வந்து தொட்டியில் நீரைக் கொட்டும். மற்றொருவர் மண்வெட்டியுடன் வாய்க்காலோடு நடந்து மடை திருப்புவார். உச்சி வேளை வரையில் இந்த இருவர் கிணற்றை விட்டு அகல முடியாது. சிறுவர் தொட்டியில் குளிப்பதும் வாய்க்காலில் புரளுவதும் அவர்கள் கண்ணெதிரே நடைபெறும். இறைப்பு நின்றபின், மாடுகளை அவிழ்த்துவிட்டு அப்பெரியவர் மேட்டில் அமர்ந்து இளைப்பாறும் வரையில் கிணற்றுக்குள் குதிக்கலாம். அவர் துண்டை உதறித் தோளில் இட்டால் எல்லோரும் கரையேற வேண்டும். சுரைக்குடுக்கையை இடுப்பில் கட்டி இறக்கிவிட்டு நீந்தக் கற்பித்தவரும் அவரே. அதற்கு அவர் கூலி கேட்டதுமில்லை. பெற்றோர் நன்றி சொன்னதுமில்லை.

எம் பிராயத்தில் சில கிணறுகளில் கமலை ஓடிற்று. சிலவற்றில் மின்மோட்டார் வந்துவிட்டது. "கமலை ஓடுகிற கிணற்றுக்குப் போ; மோட்டார்க் கிணற்றுப் பக்கம் தலைவைத்துப் படுக்காதே" என்பது வீட்டுக் கட்டளை. மோட்டாரில் மின்சாரம் தாக்கும் என்பதற்காகத் தாயார் அவ்வாறு கூறுவதாக அன்று எண்ணினோம். அங்கே ஆள் இல்லை என்பதே அவர் கண்ட காரணம். தாய்மார் எழுதப் படிக்க அறியாதவர். ஆனால் ஆள் உள்ள இடத்தையும் ஆளற்ற இடத்தையும் பிரித்தறிவதில் தேர்ந்தவர்.

நெசவூர்களிலும் இதுவே நிலை. சின்னாளபட்டி போன்ற ஊர்களில் நெசவாளர் தெரு என்பது நடைபாதை மட்டுமன்று, தொழிற்சாலையும் அதுவே. விடியற்காலையில் பாவைத் தெரு நெடுகிலும் நீட்டிக் கட்டி, கஞ்சியிட்டு நீவி, வெயில் ஏறுமுன் அறுந்த இழைகளைப் பிணைத்து முடிக்க வேண்டும். இதற்கு ஒரு வீட்டார் போதார், அக்கம்பக்கத்தார் கைகொடுப்பர். ஆணும் பெண்ணும் கிழவரும் தெருவில் நிற்கையில், பாவுக்கு அப்பால் ஓடும் பிள்ளை எவர் கண்ணிலிருந்தும் தப்ப இயலாது. பின்னர்க் குழித்தறியில் இறங்கி நெய்பவரின் காதும் தெருவிலேயே இருக்கும். பிள்ளையின் அழுகை கேட்டால் நாடா நிற்கும். விழுந்து அழுகிற அழுகை எது, வீம்புக்கு அழுகிற அழுகை எது என்று தறிக்குழியில் இருந்தவாறே தெரிந்துகொண்டு, முன்னதற்கு எழுந்து வருவர். பின்னதற்கு மிதியை மிதிப்பர்.

இவற்றோடு ஊராரின் ஓர் உரிமையையும் கூற வேண்டும். பிறர் பிள்ளையைக் கண்டிக்கும் உரிமை அன்று எல்லார்க்கும் இருந்தது. "யார் வீட்டுப் பயடா நீ? இரு, உங்கப்பனிடம் சொல்கிறேன்" என்ற ஒரு குரல் தோப்பின் எந்த மூலையிலிருந்தும் எழும். அக்குரல் நாம் வீடு சேருமுன் வீடு சேர்ந்துவிடும். ஆதலின், சுதந்தரம் என்று நாம் இன்று நினைத்து மகிழ்வது வேலியற்ற சுதந்தரமன்று. கண்ணுக்குத் தெரியாத வேலி ஒன்று ஊரைச் சுற்றி இருந்தது. அது மிக விரிந்திருந்தமையால் பிள்ளைகளின் உடலில் முட்டவில்லை.

கண்கள் போன வழி

கமலை போய் மோட்டார் வந்தது. அதனால் உழவரின் முதுகு நிமிர்ந்தது. மாடுகளின் வருத்தம் நீங்கிற்று. 1990-இல் உழவர் அனைவர்க்கும் மின்சாரம் இலவசமாயிற்று. எனினும், கிணற்று மேட்டில் நாளெல்லாம் இருந்த இருவர் அங்கிருந்து அகன்றனர். மும்முனை மின்சாரம் வரும் நேரத்தில் பொத்தானை அழுத்திவிட்டுத் திரும்புவதே இப்போது வேலை. திறந்த கிணறுகள் வற்றியபின் ஆழ்துளைக் கிணறுகள் வந்தன. அவற்றுக்குக் கரையுமில்லை, கரையில் அமர்வாருமில்லை.

தறியின் கதையும் வேறன்று. பாவுக்குக் கஞ்சியிடும் வேலை தெருவை விட்டு ஆலைக்குச் சென்றது. விசைத்தறியின் ஓசையில் தெருவின் அழுகை உள்ளே கேட்பதில்லை. நெசவை விட்டவர் நூற்பாலைக்கும் நகரத்துக் கடைகளுக்கும் பேருந்தேறிச் செல்கின்றனர். தெருவில் எஞ்சியிருப்பன இருசக்கர வண்டிகளே. அவை ஓடும் வேகத்துக்குமுன், பாவு நீட்டிய காலத்துத் தெருவில் ஓடியது போல் ஒரு குழந்தையை ஓடவிட எந்தத் தாய் துணிவாள்?

இம்மாறுதல் நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. இங்கிலாந்தில் மேயர் ஹில்மன் என்னும் ஆராய்ச்சியாளரும் அவர்தம் துணைவரும் இதனை அளந்து பார்த்தனர். 1971-இல் அந்நாட்டில் 7, 8 வயதுப் பிள்ளைகளில் 100-க்கு 80 பேர் பெரியவர் துணையின்றித் தாமே பள்ளிக்குச் சென்றனர். 1990-இல் அவ்வாறு சென்றோர் 100-க்கு 9 பேரே. சாலை விபத்துகளில் மாளும் பிள்ளைகள் குறைந்தது கண்டு, சாலைகள் பாதுகாப்பாயின என்று அதிகாரிகள் மகிழ்ந்தனர். ஹில்மன் அதனை ஒப்பவில்லை. சாலைகள் திருந்தவில்லை, பிள்ளைகளே சாலையிலிருந்து விலக்கப்பட்டனர் என்று எடுத்துக்காட்டினார். ஆபத்தை நீக்குவதற்குப் பதிலாகக் குழந்தையை நீக்கிவிட்டோம் என்பது அவர் கண்ட முடிவு. நம் தெருக்களுக்கும் இது பொருந்தும்.

பழமையில் பொன் எத்தனை, புழுதி எத்தனை

நிற்க. பழைய காலத்தைப் போற்றும்போது ஒரு செய்தியை மறைத்தல் கூடாது. காலை முதல் மாலை வரை திரிந்த பிள்ளைகளைப் பற்றிச் சொல்கிறோமே, அவர்கள் யாருடைய பிள்ளைகள்?

பெரும்பாலும் ஆண் பிள்ளைகள். எட்டு வயதுப் பெண் குழந்தையின் இடுப்பில் எப்பொழுதும் ஒரு தம்பியோ தங்கையோ இருக்கும். அவள் தட்டாங்கல் ஆடியதும் அக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டே. அண்ணன் கண்காணிப்பின்றித் திரிந்தான் என்றால், அவள் தன் விளையாட்டை விட்டுக் கண்காணித்தாள் என்று பொருள்.

நெசவாளர் வீட்டுப் பிள்ளைக்குப் பொழுது விடிந்தால் ராட்டை காத்திருக்கும். அன்றைய நெசவுக்கு வேண்டிய தாரைச் சுற்றி வைத்த பின்னரே தெருவைக் காணலாம். பள்ளிக்குப் போகாமலே தறியோடு வளர்ந்தவர் நம் அங்கத்தினரில் எத்தனையோ பேர். ஆடு மாடு மேய்க்க ஆண்டுக் கூலிக்கு விடப்பட்ட பிள்ளைகளும் நாளெல்லாம் வெட்டவெளியில்தான் திரிந்தனர். ஆனால் அவர்கள் திரிந்தது பண்ணையாருடைய ஆட்டின் பின்னால். கி. ராஜநாராயணன் எழுதிய 'பிஞ்சுகள்' பறவை முட்டை தேடித் திரியும் சிறுவனின் உலகைக் காட்டும் கதை. பெருமாள்முருகன் எழுதிய 'கூளமாதாரி' பண்ணைக்கு ஆடு மேய்க்க விடப்பட்ட பிள்ளைகளின் கதை. இரண்டும் தமிழ்நாட்டுக் காடு மேடுகளில் கழிந்த குழந்தைப் பருவமே. ஒன்றைப் படித்துவிட்டு மற்றதைப் படியாமல் விடுவோர்க்குப் பாதி உண்மையே கிட்டும்.

கிணறுகளும் எல்லாப் பிள்ளைகளுக்கும் திறந்திருக்கவில்லை. இன்ன சாதிப் பிள்ளை இன்ன கிணற்றில் இறங்கலாகாது, இன்ன தெருவில் செருப்பணிந்து நடத்தலாகாது என்ற கொடிய விதி பல ஊர்களில் ஆட்சி புரிந்தது. அப்பிள்ளைகளையும் ஊரின் கண் பார்த்துக்கொண்டுதான் இருந்தது; ஆனால் அவர்களைக் காப்பதற்காகப் பார்க்கவில்லை.

1953-இல் அன்றைய முதலமைச்சர் இராஜாஜி, கிராமத்துத் தொடக்கப் பள்ளிகளின் நேரத்தை நாளொன்றுக்கு 3 மணியாகக் குறைத்து, எஞ்சிய பொழுதில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பழகலாம் என்ற திட்டத்தைக் கொண்டுவந்தார். 'குலக்கல்வி' என்று அதனை நாடு கண்டித்தது. 1954-இல் காமராசர் முதலமைச்சரானபின் அது கைவிடப்பட்டது. அரை நாள் ஓய்வு என்று கேட்டவுடன் வசதியுள்ளார் வீட்டுப் பிள்ளைக்கு மாந்தோப்பு நினைவு வரும். நெசவாளர் வீட்டுப் பிள்ளைக்கு ராட்டை நினைவு வரும். இவ்வேற்றுமையை அறிந்தே மக்கள் எதிர்த்தனர். பின்னர்ப் பள்ளிகளில் மதிய உணவு வந்தது. 1982-இல் சத்துணவாக விரிந்தது. 1986-இலும் 2016-இலும் குழந்தைத் தொழிலாளர் சட்டங்கள் வந்தன. 2010 முதல் 6 வயதிலிருந்து 14 வயது வரை கல்வி சட்டபூர்வமான உரிமையாயிற்று. இவற்றால் பிள்ளைகளின் பகல் பொழுது பள்ளிக்குச் சென்றது நன்மையே. அதனை மீட்டுத் தரும்படி நாம் கேட்கவில்லை. மாலைப் பொழுதைப் பற்றியே கேட்கிறோம்.

ஆளற்ற வெளியின் ஆபத்து

பழைய சுதந்தரத்தை மீட்பதற்குக் கதவைத் திறந்துவிட்டால் போதும் என்போர், 2019-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தை நினைவில் கொள்ள வேண்டும். நமக்கு அடுத்துள்ள மணப்பாறை வட்டாரத்தில், நடுக்காட்டுப்பட்டியில், இரண்டு வயதுக் குழந்தை ஒன்று கைவிடப்பட்ட ஆழ்துளைக் கிணற்றில் விழுந்தது. மூன்று நாள்களுக்கும் மேலாக மீட்புப் பணி நடந்தது. நாடே உறங்காமல் காத்திருந்தும் குழந்தையை உயிரோடு காண முடியவில்லை. இத்தகைய கிணறுகளைச் சுற்றி வேலியிட வேண்டும், வாயை எஃகுத் தகட்டால் மூட வேண்டும், பயன்படாதவற்றை அடியிலிருந்து நிலமட்டம் வரையில் மண்ணும் கல்லும் இட்டு நிரப்ப வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010-லேயே ஆணையிட்டிருந்தது. ஆணை ஏட்டில் இருந்தது. கிணறு வாய் திறந்து கிடந்தது.

கண்கள் நீங்கிய வெளியைக் கண்கள் இருந்த வெளியாக எண்ணி ஏமாறலாகாது. முன்பு தானாக அமைந்திருந்த காவலை இன்று முயன்று அமைத்துக்கொள்ள வேண்டும். அது இயலும் என்பதற்கு வங்காள தேசத்துக் கிராமங்கள் சான்று. குளங்கள் நிறைந்த அந்நாட்டில், தாய்மார் வேலையில் ஆழ்ந்திருக்கும் முற்பகல் நேரத்திலேயே குழந்தைகள் மிகுதியாக நீரில் மூழ்கி மாண்டனர். ஆகவே அந்த நேரத்துக்கு மட்டும், ஊர்ப் பெண்மணி ஒருவர் தம் வீட்டிலேயே அக்கம்பக்கத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு செய்யப்பட்டது. சற்று வளர்ந்த பிள்ளைகளுக்கு ஊர்க் குளத்திலேயே மூங்கில் மேடை கட்டி நீந்தக் கற்பித்தனர். மரணங்கள் பெருமளவில் குறைந்தன. பெரும்பொருள் எதுவும் இதற்கு வேண்டியிருக்கவில்லை. எந்த நேரத்தில் கண் இல்லை என்று கண்டறிந்து, அந்த நேரத்துக்கு ஒரு கண்ணை அமர்த்தினர்.

நாம் செய்யக்கூடியவை

குழந்தைக்கு விளையாட உரிமை உண்டு என்பதை ஐக்கிய நாடுகளின் 1989-ஆம் ஆண்டு உடன்படிக்கை கூறுகிறது. இந்தியா 1992-இல் அதில் சேர்ந்தது. ஆயினும் உரிமை நடைபெற வேண்டிய இடம் நம் தெருவே. ஆதலின் உழவர் பெருமக்களுக்கும் நெசவாள நண்பர்களுக்கும் நான்கு யோசனைகளை முன்வைக்கிறோம்.

முதலாவது, தத்தம் நிலத்தில் பயனற்றுக் கிடக்கும் ஆழ்துளைக் கிணற்றை ஒவ்வோர் அங்கத்தினரும் இம்மாதத்திற்குள் நிரப்பிவிட வேண்டும். அரசாங்கத்தார் வந்து கேட்கும் வரையில் காத்திருக்க வேண்டுவதில்லை.

இரண்டாவது, நீருள்ள திறந்த கிணறுகளுக்குக் கைப்பிடிச் சுவர் எழுப்ப வேண்டும். கோடை விடுமுறையில் நீச்சல் அறிந்த பெரியவர் இருவர் முறைவைத்துக் கிணற்று மேட்டில் அமர்ந்து பிள்ளைகளுக்கு நீந்தக் கற்பிக்க வேண்டும். பெண் குழந்தைகளுக்கும் கற்பிக்க வேண்டும். எந்தத் தெருப் பிள்ளையையும் விலக்கலாகாது.

மூன்றாவது, மந்தை, களம், கண்மாய்க் கரை ஆகிய பொது இடங்களைக் கட்டடத்துக்கும் குப்பைக்கும் விடாமல் காக்க வேண்டும். விளையாட இடமில்லாத ஊரில் பிள்ளையைக் கைப்பேசி பிடித்துக்கொண்டது என்று நோவதில் பொருளில்லை.

நான்காவது, வேலையை வெளியே கொண்டுவர வேண்டும். தெருவுக்கு இரண்டு வீட்டாராவது மாலையில் ஒரு மணி நேரம், பூத் தொடுப்பதோ, நூல் சிக்கெடுப்பதோ, கணக்குப் புத்தகம் பார்ப்பதோ, எதுவாயினும் அதனைத் திண்ணைக்கோ வாசலுக்கோ கொண்டுவந்து செய்தால், அந்த ஒரு மணி நேரம் அத்தெருப் பிள்ளைகளுடையதாகும். அந்நேரத்தில் வண்டிகளைத் தள்ளிக்கொண்டு போகும்படி தெருவாரே முடிவு செய்துகொள்ளலாம். அக்காலத்தில் இடுப்பில் குழந்தையைச் சுமந்த பெண்ணுக்குக் கிட்டாத மாலையும் இவ்வகையில் அவள் பேத்திக்குக் கிட்டும்.

பதிவு எண்ணும் பங்குத் தொகையும் இல்லாமலே நம் முன்னோர் நடத்திய கூட்டுறவு ஒன்று உண்டென்றால், அது ஊர்ப் பிள்ளைகளை ஊராரே பார்த்துக்கொண்டதுதான். அதன் குறைகளைக் களைந்து அதனை மீண்டும் தொடங்குவதற்கு நல்ல நாள் பார்க்க வேண்டுவதில்லை. அடுத்த பொதுக்குழுக் கூட்டத்தில் நூல் விலையும் கொள்முதல் பாக்கியும் பேசி முடித்தபின் பத்து நிமிடம் இதற்கு ஒதுக்குங்கள். மூட வேண்டிய கிணறுகள் எத்தனை, எவருடையவை என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டு எழுங்கள்.